விரலுக்கு வேலை இல்லை

"செல்லம் படுத?" என்று கேட்டார் சுங்க உத்தியோகத்தர்,
பெட்டியைக் காதருகே ஆட்டிப் பார்த்து.
ஓம், விளையாட்டுச் சாமான்தான்.
பிள்ளைக்கு எத்தனை வயது?
நாற்பத்தொன்று என்றேன்.
அவர் பேனையை மூடிவைத்துவிட்டுச் சிரித்தார்.
வரியைக் குறைக்கவில்லை.

வெள்ளவத்தை, ஐந்தாம் மாடி.
சாப்பாட்டு மேசைக்கு மேல் ஒரு பலகை,
பலகைக்கு மேல் பதினான்கு அடித் தண்டவாளம்.
கடற்காற்று வாரத்துக்கு இரண்டு தரம் அதில் உப்புப் பூசும்;
ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் நான் துடைப்பேன்,
கட்டுப்பல் செய்யும் ஆய்வுகூடத்தில்
பகல் முழுக்கத் துடைத்தது போதாமல்.
என் தங்கை கேதாரணி
சோற்றுக் கோப்பையை மடியில் வைத்து சீரியல் பார்ப்பாள்.
மேசை அவளிடமிருந்து பறிபோய் வெகுகாலம்.

பழைய எஞ்சின் பச்சை.
மெல்பேணுக்குப் போகும் அவசரத்தில் வீட்டைக் காலிசெய்த
கொள்ளுப்பிட்டிக் குடும்பம் ஒன்று
சட்டி பானையோடு சேர்த்து விற்றது.
ஜன்னலோர வளைவில் அது நின்றுவிடும்,
எப்போதும் அந்த ஓர் இடத்தில்.
சுட்டுவிரலால் ஒரு தட்டு.
பிறகு ஒன்றுமே நடக்காததுபோலப் போகும்.
பதினொரு வருடம்.

புதியது நீலம்.
என் ஒன்றரை மாதச் சம்பளம்
பஞ்சு மெத்தையில் படுத்திருந்தது.
முதல் ஓட்டத்திலேயே சுரங்கத்தில் மூக்கை இடித்தது.
சுரங்கம் என் வார்ப்பு,
பல்லச்சு எடுக்கும் மஞ்சள் சாந்து;
பச்சையின் உடம்புக்கு அளவெடுத்தது.
இன்னொருவர் வருவார் என்று நினைத்தா செய்தேன்?
ஆய்வுகூடத்துச் சின்னத் துரப்பணத்தைக்
கைப்பையில் ஒளித்துக் கொண்டுவந்து
உட்சுவரைக் குடைந்தேன்,
கட்டுப்பல் முரசில் உரசாதிருக்கக் குடைவது போல.
மலையிலிருந்து தூள் பறந்தது.
கேதாரணியின் பருப்பிலும் விழுந்தது.
"உப்புக் கூடிப்போச்சோ?" என்றாள்.
நான் வாய் திறக்கவில்லை.

கொக்கிகளும் பொருந்தவில்லை.
ஒரு பெட்டிக்கு மட்டும்
முன்னால் புதிய கொக்கி, பின்னால் பழையது மாட்டினேன்.
கந்தோரில் மூன்று பாஷையும் தெரிந்த கிளாக்கர் மாதிரி
இப்போது எல்லா இழுபறியும் அதன் தலையில்.

மின்சாரமும் வேறு.
திருகும் குமிழ் போய்ப் பொத்தான்கள் வந்தன.
பச்சையை அந்தத் தண்டவாளத்தில் ஒரு தரம் வைத்துப் பார்த்தேன்.
வைக்கக் கூடாது என்று தாளில் போட்டிருந்தது.
நின்ற இடத்திலேயே ரீங்கரித்தது,
நுளம்புவலைக்குள் அகப்பட்ட நுளம்பு போல.
நகரவில்லை.
வயிற்றைத் தொட்டேன், சுட்டது.
பத்து விநாடி கேட்டுவிட்டுத் தூக்கினேன்.

நீலம் ஜன்னலோர வளைவுக்கு வருகிறது.
என் விரல் போய்விட்டது,
என்னைக் கேட்காமலே.
எஞ்சின் நிற்கவில்லை;
நகத்தை உரசிக்கொண்டு திரும்பிப் போனது.
அடுத்த சுற்றிலும் போனது விரல்.
மூன்றாவதில்
கையைத் தொடைக்குக் கீழே வைத்து அதன்மேல் அமர்ந்துகொண்டேன்.

எட்டாம் பொத்தான் ஊதல்.
ஜன்னல் திறந்திருந்ததை யோசிக்கவில்லை.
ஏதோ குளிர்நாட்டுத் தொண்டை,
நான் நினைத்ததைவிடப் பெரிது.
கீழே கடலோரத் தண்டவாளத்தைக் கடக்கவந்த ஒரு மனிதர்
தூக்கிய காலைப் பின்னால் வைத்தார்.
கையில் கொத்துப் பார்சல்.
தெஹிவளைப் பக்கம் பார்த்தார்.
பம்பலப்பிட்டிப் பக்கம் பார்த்தார்.
மறுபடி தெஹிவளை.
இருட்டும் அலையும் தவிர ஒன்றுமில்லை.
இரண்டு நிமிடமாவது நின்றிருப்பார்,
பார்சல் ஆறிக்கொண்டிருக்க,
என் சாப்பாட்டு மேசைக்கு வழிவிட்டு.

கேதாரணி டிவிச் சத்தத்தைக் குறைத்தாள்.
"மாத்தறை ட்ரெயினா, இந்த நேரத்தில?"
ஓம் என்றேன்.
"இப்பவெல்லாம் நேரத்துக்கு வருகுது போல" என்றாள்,
மறுபடி சத்தத்தைக் கூட்டியபடி.